பாதுகாப்பு தொலைவில், பாதை ஊருக்குள்: விழுப்புரம், திண்டிவனம் நோக்கில் மேகக் கணிமை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரையேறிய பிறகும் உடனே விலகாமல் பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவானது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை வெள்ளம் மறித்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தைத் தொடுமளவுக்கு நீர் உயர, தென்மாவட்ட ரயில்கள் நின்றன. பல ஊர்களில் மின்சாரம் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை.

அந்த வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களோடு காகிதங்களும் போயின. குடும்ப அட்டையையும் ஆதாரையும் வாக்காளர் அட்டையையும் இழந்தவர்களுக்குச் சிறப்பு முகாம் நடத்திப் புதியவை வழங்குவதும் அரசு அறிவித்த நிவாரணத்தில் இடம்பெற்றது. அப்படி வழங்க முடிந்ததற்குக் காரணம், மூலப்பதிவு அந்த வீட்டில் மட்டுமல்லாமல், வெள்ளம் எட்டாத ஏதோ ஒரு கட்டடத்தின் கணினியிலும் இருந்ததுதான். அதே நாட்களில், மின்சாரமும் இணைப்பும் அறுந்த ஊரில் இருந்தவருக்கு அந்தப் பதிவைத் திறந்து பார்க்க வழியில்லை என்பதும் உண்மை.

இப்படித் தரவைத் தொலைவிலுள்ள கணினியில் வைக்கும் மேகக் கணிமையின் நன்மை தீமைகளைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பெருநகர நிறுவனத்தை மனதில் வைத்தே பேசுகிறார்கள். விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் நின்று பார்த்தால் கணக்கு வேறாக இருக்கிறது. இந்த ஊர்களுக்கு மேகக் கணிமை தரும் நன்மை பெருநகரத்துக்குத் தருவதைவிடப் பெரியது. அது ஒரு நாள் எட்டாமல் போனால் ஏற்படும் பாதிப்பும் பெரியது. ஆகவே தரவை மேகத்தில் ஏற்றுவது பாதி வேலைதான். இணைப்பு அறுந்த நாளில் எப்படி வேலை நடக்கும் என்று ஏற்பாடு செய்வது மீதிப் பாதி. இந்த இரண்டாம் பாதியைத்தான் நாம் செய்யாமல் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கே இருக்கிறது அந்தக் கணினி?

சொந்தக் கணினியை வாங்கி வைத்துக்கொள்ளாமல், வேறொருவரின் பெரிய கணினிக் கூடத்திலிருந்து தேவையான அளவு சேமிப்பிடத்தையும் கணிப்புத் திறனையும் இணையம் வழியாக எடுத்துக்கொண்டு, பயன்படுத்திய அளவுக்குப் பணம் கொடுப்பதே மேகக் கணிமை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011இல் வெளியிட்ட வரையறை இன்றும் உலகெங்கும் ஏற்கப்படுகிறது. அது சொல்லும் இலக்கணங்கள் ஐந்து: கேட்டவுடன் தானாகக் கிடைப்பது, இணையம் வழியாக எங்கிருந்தும் எட்டுவது, பலருக்குப் பொதுவான வளமாக இருப்பது, தேவைக்கேற்ப விரிந்து சுருங்குவது, பயன்பாடு அளக்கப்படுவது.

அமேசான் 2006இல் இந்த வாடகைச் சேவையைத் தொடங்கியபோது நமக்கு அது தொலைதேசத்துச் செய்தி. மைக்ரோசாஃப்ட் 2015இல் சென்னை, மும்பை, புனே ஆகிய மூன்று இடங்களில் தன் கூடங்களைத் திறந்தது. அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஹைதராபாத்திலும் திறந்தது. மத்திய அரசு தன் துறைகளுக்காக ‘மேக்ராஜ்’ என்ற தேசிய மேகக் கணிமையை 2014இல் தொடங்கியது. தமிழக அரசுக்குச் சென்னையில் மாநிலத் தரவு மையம் இருக்கிறது.

விழுப்புரத்திலிருந்து சென்னை ஏறக்குறைய 160 கி.மீ., திண்டிவனத்திலிருந்து 120 கி.மீ.யை ஒட்டிய தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். அப்படியானால் சென்னைத் தொலைவைக் கடக்க நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. தொலைவு ஒரு பிரச்சினையே இல்லை. சிக்கல் வருவது கடைசிச் சில கிலோமீட்டரில், அதாவது நம் தெருவின் மின்கம்பத்துக்கும் நம் மேசைக்கும் இடையில்.

நகலைப் பிறரிடம் வைக்கும் பழைய வழக்கம்

முக்கியமான ஆவணத்தின் நகலை நம்பகமான வேறோர் இடத்தில் வைப்பது நமக்குப் புதிதில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் செய்ததே அதுதான். திண்டிவனம் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கிரயப் பத்திரம் பதிவானால் அசல் வாங்கியவர் கைக்குப் போகிறது, அதன் பிரதி அலுவலகப் புத்தகத்தில் ஏறுகிறது. அசல் கரையான் அரித்தாலும் தண்ணீரில் கரைந்தாலும் சான்றிட்ட நகல் கேட்டு வாங்கலாம். ஆனால் அந்தப் புத்தகமும் அதே ஊரில், அதே வெள்ளம் பாயும் கட்டடத்தில் இருந்தது. அதுதான் அந்த முறையின் பலவீனம்.

பதிவுத் துறையின் ஸ்டார் 2.0 திட்டம் 2018 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், 1975 முதலான வில்லங்க விவரங்களை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்க முடிகிறது. பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. முன்பு ஒரு வில்லங்கச் சான்றுக்கு மனு எழுதுபவரைப் பிடித்து, அலுவலகத்துக்கு இரண்டு நடை நடந்து, ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பு மிச்சமானது மேகத்தாலா மாநிலத் தரவு மையத்தாலா என்பது குடிமகனுக்கு முக்கியமில்லை. பதிவு ஊரைவிட்டு வெளியே ஒரு பொதுக்கூடத்தில் இருக்கிறது என்பதே இரண்டுக்கும் பொது. நன்மையும் அங்கிருந்துதான் வருகிறது, தீமையும் அங்கிருந்துதான் வருகிறது.

“நம் கட்டடத்தில், நம் கண்ணெதிரே சர்வர் இருந்தால் பாதுகாப்பு” என்ற எண்ணம் பல அலுவலகங்களில் இன்னும் வலுவாக இருக்கிறது. அது தவறு என்று காட்டியது 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்த தாக்குதல். மருத்துவமனையின் சொந்த சர்வர்கள் ஐந்தில் இருந்த சுமார் 1.3 டெராபைட் தரவைத் தாக்கியவர்கள் பூட்டினார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் புறநோயாளி சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை கையால் எழுதி நடத்தப்பட்டன. நாட்டின் முதன்மை மருத்துவமனைக்கே இந்த நிலை என்றால், ஒரு தாலுகா ஊரின் மருத்துவமனையோ நூற்பாலையோ தன் மூலையறை சர்வரைக் காக்கும் என்று எதிர்பார்ப்பது பொருத்தமில்லை. மென்பொருள் ஓட்டைகளை உடனுக்குடன் அடைப்பது, இரவு பகல் கண்காணிப்பது, தீத்தடுப்பு, இரட்டை மின்வழி என்று பெரிய கூடங்கள் செய்யும் காரியங்களைச் சிறிய அமைப்பு தனியாகச் செய்ய இயலாது. பாதுகாப்பு என்ற ஒரே காரணத்துக்காகவே சிறிய ஊர் மேகத்துக்குப் போகலாம்.

முகூர்த்த நாளும் தேர்வு முடிவு நாளும்

தேவைக்கேற்ப விரிந்து சுருங்குதல் என்ற இலக்கணத்தைப் புரிந்துகொள்ளப் பத்திரப் பதிவைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை. சாதாரண நாளில் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100 டோக்கன். தை, ஆவணி மாதங்களின் சுபமுகூர்த்த நாட்களிலும் ஆடிப்பெருக்கு போன்ற நாட்களிலும் பதிவுத் துறை அதை 150 ஆக உயர்த்துகிறது. இரண்டு சார்பதிவாளர் உள்ள இடத்தில் 200 என்பது 300 ஆகிறது. மாநிலத்தின் எல்லா அலுவலகங்களிலும் ஒரே நாளில் கூட்டம் ஒன்றரை மடங்காகிறது. அந்த ஒரு நாள் உச்சத்துக்கு ஏற்ற கணினிகளைச் சொந்தமாக வாங்கினால் ஆண்டின் மற்ற நாட்களில் அவை சும்மா இருக்கும். சராசரிக்கு ஏற்ப வாங்கினால் முகூர்த்த நாளில் திணறும்.

பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாள் இன்னும் கூர்மையானது. ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஒரே அரைமணி நேரத்தில் ஒரே பக்கத்தைத் திறக்கிறார்கள். பிற்பகலில் அந்தக் கூட்டம் இருக்காது. இப்படிப்பட்ட வேலைக்கு வாடகைக் கணினியே பொருத்தம். காலை பத்து மணிக்கு நூறு மடங்கு எடுத்துக்கொண்டு மாலையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். ஆண்டு முழுவதும் ஒரே அளவில் ஓடும் வேலைக்கு வாடகை கட்டிக்கொண்டே இருந்தால், சில ஆண்டுகளில் சொந்தமாக வாங்கியிருக்கும் விலையைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் இதைக் கணக்கிட்டுப் பார்த்து மேகத்திலிருந்து வெளியேறியது. ஆண்டுக்கு 32 லட்சம் டாலராக இருந்த தன் மேகக் கட்டணம் 13 லட்சமாகக் குறைந்தது என்று 2024இல் அது கணக்குக் காட்டியது. ஆனால் அந்த நிறுவனத்திடம் சர்வரை ஏற்றி இறக்கிப் பராமரிக்கத் தெரிந்த பொறியாளர்கள் இருந்தார்கள். திண்டிவனத்தில் மருந்துக்கடை நடத்துபவரிடம் அப்படி யாரும் இல்லை. ஆகவே செலவைக் கணக்கிடும்போது இயந்திரத்தின் விலையோடு யுபிஎஸ், பேட்டரி, ஏசி, மின்கட்டணம், ஆள் சம்பளம் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால் சிறு கடைக்கு மேகமும், நிலையான பெரிய சுமை கொண்ட அமைப்புக்குச் சொந்தக் கூடமும் மலிவாக வருவது வழக்கம்.

ஊரில் இருந்தே வேலை

மூன்றாவது நன்மையைப் பணத்தால் மட்டும் அளக்க முடியாது. கணினி எங்கோ இருக்கலாம் என்றால் வேலை செய்பவர் இங்கேயே இருக்கலாம். வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் சுமார் 31 கோடி ரூபாயில், 63,000 சதுர அடியில் கட்டப்பட்ட மினி டைடல் பூங்கா 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 500 பேர் அளவுக்கு வேலை செய்யும் இடம் அது. அதற்குள் பெரிய சர்வர் கூடம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை, நல்ல இணைப்பும் தடையற்ற மின்சாரமும் போதும். இருபது ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு கட்டடம் இங்கே வருவதற்குத் தொழில்நுட்பக் காரணமே இல்லை.

திண்டிவனத்தின் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலோ விழுப்புரத்தின் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ படிக்கும் மாணவருக்கும் இது பொருந்தும். ஒரு சாதாரண மடிக்கணினியோ கல்லூரி ஆய்வகத்தின் பழைய இயந்திரமோ இருந்தால், மும்பையில் இருக்கும் பெரிய கணினியில் தன் நிரலை ஓட்டிப் பார்க்கலாம். முன்பு ஐஐடி மாணவருக்கு மட்டும் கிடைத்த கருவி அது. ஊரைவிட்டு வெளியேற முடியாத பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, இந்த வாசல் திறந்திருப்பதை மேகக் கணிமையின் மிகப் பெரிய சமூகப் பயனாகவே நான் கருதுகிறேன்.

ஏலம் நின்றுபோகும் நேரம்

இனி எதிர்ப்பக்கம். திண்டிவனம் நிலக்கடலைக்குப் பேர்போன பகுதி. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.எம்.வி. ரகங்கள் திண்டிவனத்தின் பெயரைத் தங்கள் பெயரிலேயே கொண்டவை. அந்தக் கடலை விலைக்கு வரும் இடம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். அங்கு நடப்பதைக் கவனித்தால் மேகத்தின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும்.

விவசாயி குட்டியானை பிடித்து மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குகிறார். சரக்குக்கு எண் போடுகிறார்கள். வியாபாரிகள் ஒரு கைப்பிடி அள்ளி, காயை உடைத்து, பருப்பின் திரட்சியையும் ஈரத்தையும் பார்க்கிறார்கள். மறைமுக ஏலத்தில் ஒவ்வொருவரும் தன் விலையைச் சீட்டில் எழுதிப் போடுவார்கள். குறித்த நேரத்தில் திறந்து, அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு போகும். 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய இ-நாம் தேசிய வேளாண் சந்தையில் இந்தச் சீட்டுக்குப் பதில் செல்போன் திரையோ கணினியோ வருகிறது. கூடத்துக்கு வராத வெளியூர் வியாபாரியும் விலை கேட்கலாம். உள்ளூர் வியாபாரிகள் சிலர் கூடிப் பேசி விலையை அமுக்குவது கடினமாகிறது. பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது. விவசாயிக்கு இவை பெரிய ஆதாயங்கள்.

இப்போது ஏல நேரத்தில் இணைப்பு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். “சர்வர் வேலை செய்யல” என்ற அறிவிப்பு வருகிறது. வண்டிக்காரர் காத்திருப்புக் கூலி கேட்கிறார். வானம் கறுக்கிறது, மூட்டைகள் வெளிமுற்றத்தில் கிடக்கின்றன. அன்றே பணம் வேண்டிய சிறு விவசாயி வாசலில் நிற்கும் தரகரிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். தொலைவில் இருக்கும் கணினிக் கூடம் அந்த நேரம் முழுவதும் குறையின்றி ஓடிக்கொண்டிருந்திருக்கலாம். அதனால் இவருக்கு ஒரு பயனும் இல்லை.

இதை எண்ணாலும் பார்க்கலாம். பெரிய நிறுவனங்கள் 99.99 விழுக்காடு நேரம் சேவை கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதுகின்றன. ஆண்டுக்குச் சுமார் 53 நிமிடம் மட்டுமே தடை என்று அதற்குப் பொருள். ஆனால் ஓர் ஊரில் நாளுக்கு அரைமணி நேரம் மின்சாரமோ இணைப்போ போகிறது என்றால் ஆண்டுக்கு 182 மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. அந்த ஊர்க்காரருக்குக் கிடைக்கும் சேவை 98 விழுக்காட்டுக்கும் கீழே. விளம்பரத்தில் இருக்கும் நான்கு ஒன்பதுகளும் ஊர் எல்லையிலேயே கரைந்துவிடுகின்றன. நிறுவனத்தின் பக்கமே தவறு நேர்ந்தாலும் ஒப்பந்தப்படி கிடைப்பது மாதக் கட்டணத்தில் ஒரு பகுதித் தள்ளுபடிதான். நின்றுபோன வியாபாரத்துக்கு ஈடு கிடையாது.

மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்லும் பாரத்நெட் திட்டம் இந்தப் பாதையைச் சீராக்க வந்தது. அதன் இழையில் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவே செல்கிறது. செலவும் காலமும் குறையும் என்பதால் அது நியாயமான முடிவு. ஆனால் புயல் கம்பத்தைச் சாய்த்தால் மின்சாரமும் இணையமும் ஒரே நொடியில் சாயும். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’, 2024இல் ஃபெஞ்சல் என்று இந்தக் கரையோரம் புயல்களைக் கண்ட பகுதி. இங்கே ஒரு வழியை மட்டும் நம்பியிருப்பது தெரிந்தே எடுக்கும் அபாயம்.

ஒரே கூரையின் கீழ் பலர்

பொது வளமாக இருப்பதால்தான் மேகம் மலிவாகிறது. அதே காரணத்தால் ஒரு விபத்து பலரைத் தாக்குகிறது. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்பச் சேவை நிறுவனம் பணம்பறிக்கும் வைரஸ் தாக்குதலுக்கு ஆளானது. அதன் சேவையை நம்பியிருந்த கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாக நாடெங்கும் ஏறக்குறைய 300 சிறிய வங்கிகளைத் தேசியப் பணப்பட்டுவாடா கழகம் தற்காலிகமாகத் துண்டித்து வைத்தது. அந்த வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ போன்ற வழிகளில் பணம் அனுப்ப முடியாமல் இருந்தார்கள். மறுநாளே சீரானது. பெரிய வங்கிகளுக்கு அது ஒரு செய்தி மட்டுமே, பாதிப்பு முழுக்கச் சிற்றூர்களின் தலையில் விழுந்தது. சிறிய வங்கிகள்தாம் பொதுச் சேவையை வாங்குகின்றன என்பதால் இப்படிப்பட்ட விபத்தின் சுமை எப்போதும் சிற்றூரின் பக்கமே சாயும்.

தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று நடந்தது அரசுகளுக்கான பாடம். டேஜியோன் நகரில் உள்ள தேசியத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. 600க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. ஏறத்தாழ 1.25 லட்சம் அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்ற அமைப்பில் 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே நகல் வைக்கப்படவில்லை. தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாட்டிலேயே இது நடந்தது.

ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கதை அதற்கு நேர்மாறு. 2024 மே மாதம் கூகுள் கிளவுட் பக்கத்தில் நடந்த ஓர் அமைப்புப் பிழையால் அந்த நிதியத்தின் கணினிச் சூழல் தானாக அழிக்கப்பட்டது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களால் ஏறத்தாழ ஒரு வாரம் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சேமிப்பு எதுவும் தொலையவில்லை. வேறொரு நிறுவனத்திடம் தனியாக ஒரு நகல் வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது. தவறு எங்கும் நடக்கும். வெளியே ஒரு நகலை வைத்திருந்தவர் தப்பினார்.

சாவி யார் கையில்?

மூன்றாவது தீமை, கட்டுப்பாடு கைமாறுவது. குஜராத்தின் வாடினாரில் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி ஓர் இந்திய நிறுவனம். அதில் ரஷ்யாவின் ராஸ்நெஃப்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் அதன்மீது தடை விதித்தவுடன் மைக்ரோசாஃப்ட் தன் சேவையை நிறுத்தியது. பணம் கட்டியிருந்தும், இந்தியச் சட்டம் எதையும் மீறாதிருந்தும், நிறுவனத்தின் மின்னஞ்சலும் கோப்புகளும் எட்டாமல் போயின. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு மாத இறுதியில் சேவை திரும்பியது. வழக்குப் போட வசதியுள்ள பெரிய நிறுவனத்துக்கே சில நாட்கள் ஆயின.

அமெரிக்க நிறுவனத்திடம் உள்ள தரவு எந்த நாட்டில் சேமிக்கப்பட்டிருந்தாலும் அதைக் கேட்டுப் பெற அந்நாட்டு அரசுக்கு 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி வகுக்கிறது. ஆகவே கூடம் மும்பையில் இருப்பது மட்டும் முழுக் காப்பாகாது. நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அந்தச் சட்டப்படி தரவைப் பாதுகாக்கும் பொறுப்பு அதைத் திரட்டியவருக்கே. கிளவுட் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டேன் என்று மருத்துவமனையோ பள்ளியோ கைகழுவ முடியாது.

உள்ளூரில் இந்தச் சாவிப் பிரச்சினை மிகச் சாதாரண வடிவில் நடக்கிறது. கடைக்கு பில்லிங் மென்பொருள் போட வந்தவர், கிளவுட் கணக்கைத் தன் மின்னஞ்சலிலும் தன் செல்போன் எண்ணிலும் திறக்கிறார். ஓடிபி அவருக்குத்தான் போகும். இரண்டு ஆண்டு கழித்து அவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார், எண்ணையும் மாற்றிவிடுகிறார். கடைக்காரரின் வாடிக்கையாளர் பட்டியல், கடன் பாக்கி, ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் அவருக்கே சொந்தம், ஆனால் திறக்க முடியாது. முன்பு டேலி கணக்கை மாதமொருமுறை பென்டிரைவில் எடுத்து வீட்டு பீரோவில் வைத்தவர் அவர். மேகத்துக்குப் போனதும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார். அது தேவையில்லை என்று சொல்லித்தான் சேவையை விற்றார்கள். அது தவறான அறிவுரை.

வெளியேறும் செலவும் உண்டு. தரவை உள்ளே ஏற்ற அநேகமாகக் கட்டணம் இல்லை, வெளியே எடுக்கக் கட்டணம் உண்டு. இதனால் வாடிக்கையாளர் சிக்கிக்கொள்கிறார் என்ற குற்றச்சாட்டு வலுத்ததால், 2024 தொடக்கத்தில் கூகுளும் அமேசானும் மைக்ரோசாஃப்டும் முழுதாக வெளியேறுவோருக்கு அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முன்வந்தன. நிறுவனம் மாறும்போது வசூலிக்கும் கட்டணத்தை 2027 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் சட்டப்படியே தடை செய்கிறது. இந்தியச் சிறு வணிகருக்கும் அப்படி ஒரு சட்டப் பாதுகாப்பு வேண்டும்.

எடை போட்டால்

மேற்சொன்னவற்றைத் தராசில் வைத்தால் சிறிய ஊருக்கு மேகக் கணிமை தேவை என்ற பக்கமே கனக்கிறது. சொந்தக் கட்டடத்தின் சர்வரைவிடப் பதிவுகள் அங்கே பத்திரம், செலவு கைக்கடக்கம், வாய்ப்புகள் விரிகின்றன. ஆனால் இந்தத் தீர்ப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. மேகம் எட்டாத நாளிலும் வேலை நடக்க வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2017இல் ஜார்க்கண்டில் ரேஷன் மறுக்கப்பட்ட குடும்பத்தின் சிறுமி பட்டினியால் இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. அதையடுத்து அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. கைரேகை பதியவில்லை, நெட்வொர்க் இல்லை என்ற காரணங்களால் யாருக்கும் பொருள் மறுக்கக் கூடாது, விலக்குக்கென்று தனிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு விதியும் சேர்ந்தால் இணைப்பு அறுந்தாலும் அடுப்பு எரியும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் மென்பொருள் பிழையால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்துப் பயணிகளை அனுப்பினார்கள். தயாராக இருந்தால் இதைச் செய்ய முடியும்.

விற்பனைக்கூடத்தில் இணைப்பு போன அரைமணி நேரத்தில் மறைமுக ஏலச் சீட்டுக்குத் திரும்பலாம் என்ற எழுத்துபூர்வமான விதி வேண்டும். சீட்டுகளும் பெட்டியும் தயாராக இருக்க வேண்டும், பின்னர் அந்த விலைகளைக் கணினியில் ஏற்றும் முறையும் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தைக் காகிதத்தில் வாங்கி, தேதியோடு ஒப்புகை தந்து, இணைப்பு வந்ததும் ஏற்ற வேண்டும். கடைசி நாள் என்று இருந்தால் காகித ஒப்புகையின் தேதியே செல்ல வேண்டும். மருத்துவமனையில் நோயாளியின் ஒவ்வாமை, தற்போது எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றின் சுருக்கம் உள்ளூர்க் கணினியிலும் இருக்க வேண்டும். மாநில அரசு, தன் முக்கியப் பதிவுகளின் ஒரு நகலை வேறு மாவட்டத்தில், வேறு நிறுவனத்தின் பொறுப்பில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை அதிலிருந்து உண்மையாகவே மீட்டுப் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத நகலை நம்ப முடியாது.

கடைக்காரருக்கும் சிறு தொழில் நடத்துபவருக்கும் வேலை இன்னும் எளிது. கணக்கு தன் பெயரில், ஓடிபி தன் எண்ணுக்கு. வாரமொருமுறை முழுத் தரவும் தன் கையில் உள்ள வட்டில், எந்த மென்பொருளாலும் திறக்கக்கூடிய வடிவில். பிராட்பேண்ட் போனால் எடுக்க வேறு நிறுவனத்தின் சிம். இணையம் இல்லாமலும் பில் போட்டுப் பின்னர் ஒத்திசைக்கும் மென்பொருளா என்று வாங்கும் முன்பே கேட்பது. கம்பெனிச் சட்ட விதிகள் 2022 ஆகஸ்ட் முதல், கம்பெனிகள் தங்கள் கணக்கின் நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்கின்றன. சட்டம் கட்டாயப்படுத்தாத சிறு வணிகரும் இதைத் தன் நலனுக்காகச் செய்துகொள்ளலாம்.

இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை, ஒரு பதிவேடு, ஆண்டுக்கு ஒரு நாள் ஒத்திகை போதும். அந்த ஒத்திகையை வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் நடத்துவது பொருத்தம். விழுப்புரம் மாவட்டத்தின் ஒவ்வொரு அலுவலகமும் இணையத்தை வேண்டுமென்றே துண்டித்துவிட்டு அரை நாள் பொதுமக்களுக்குச் சேவை தந்து பார்க்கட்டும். எந்த வேலை நிற்கிறதோ, புயலுக்கு முன் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.